அகப்பைத் தீவின் ஆண் பல்லி

அத்தியாயம் 6

பல்லி காணாமல் போனதற்குத் துப்பறிவாளரைக் கூப்பிட்ட குடும்பம் ஜொகூர் மாநிலத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று யுகேந்திரன் நினைத்தான். நினைத்ததை வெளியில் சொல்லவில்லை. மரியாதையினால் அல்ல, வாயில் மசால்வடை இருந்தது.

வடையை விழுங்கிய பிறகு மரியாதையும் போய்விட்டது.

"மேடம், போன மாசம் காணாமப் போன புருஷனைத் தேடினோம். அதுக்கு முந்தி காணாமப் போன லாரி. இப்ப பல்லி. அடுத்தது கொசுன்னா நான் வேலைய விட்டுர்றேன்."

"லாரிக்காரன் வடை குடுத்தானா?" என்று கேட்டார் கெர்ட்ரூட்.

"இல்ல."

"அப்ப பேசாம இரு."

கெர்ட்ரூட் மேடம் போலீசில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உலு திராமில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். கைப்பையில் ஜெபமாலையும் டார்ச்லைட்டும் சேர்ந்தே கிடக்கும். எது எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? யுகேந்திரன் அவருடைய ஒரே உதவியாள். சிங்கப்பூர் தொழிற்சாலை வேலைக்குத் தினமும் பாலம் கடந்து கடந்து தலைமுடியை இழந்து, மிச்சமிருந்த நாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவன்.

அவர்கள் உட்கார்ந்திருந்த வீடு தெப்ராவில், வரிசை வீடுகளின் மூலையில் இருந்தது. வீட்டுக்காரர் திருச்செல்வம் சுங்க இலாகாவில் அதிகாரியாக இருந்தவர். வீட்டுக்குள்ளேயும் காலர் வைத்த சட்டை, கழுத்துவரை பூட்டிய பொத்தான், நாற்காலியில் சாயாத முதுகு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வீட்டுத் தலைவன் எப்படி உட்காருகிறானோ அப்படித்தான் ஊருக்குள் அந்த வீட்டின் பெயரும் உட்காரும்.

அவருடைய மகள் டாக்டர் ரூபினி ஊசி போடும் டாக்டர் அல்ல. பல்லி, ஓணான், அரணை என்று ஊர்வனவற்றை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வுக்கூடத்துக் குளிர்சாதனம் கெட்டுப்போனதால், உயிரோடு பிடித்து வந்த பல்லியை வீட்டு மாடியறையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தாள். முந்தாநாள் காலையில் பார்த்தால் பெட்டி காலி.

"போலீசுக்குப் போலாம்னேன்," என்றாள் ரூபினி, இருவரையும் மாடிக்கு அழைத்துப் போனபடி. "அப்பாதான், போலீஸ் ஜீப் வாசல்ல நின்னா நாலு பேரு என்ன நினைப்பாங்கன்னு உங்களைக் கூப்பிட்டாரு."

"நல்ல முடிவு," என்றான் யுகேந்திரன். "எங்க வண்டியப் பாத்தா யாரும் ஒன்னும் நினைக்க மாட்டாங்க. பழைய இரும்பு எடுக்க வந்திருக்கான்னு விட்டுருவாங்க."

கெர்ட்ரூட் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்தார். "அப்படி என்னம்மா விசேஷம் இந்தப் பல்லியில?"

"இது புலாவ் செண்டோக்லேர்ந்து வந்தது ஆன்ட்டி. மெர்சிங்லேர்ந்து படகுல போகணும். கடல்ல அகப்பையக் கவுத்து வச்ச மாதிரி ஒரு சின்னத் தீவு. ரொம்ப ரொம்ப காலமா தனியாவே கிடக்குது. அங்க உள்ள பல்லி வெளிய போக முடியாது, வெளிப்பல்லி உள்ள வர முடியாது. அப்படியே மாறி மாறித் தனி இனமாயிடும். உலகத்துல வேற எங்கயும் இருக்காது."

"நானும் பாலத்து ஜாம்ல மாட்டி மாட்டித் தனி இனமாயிட்டேன்," என்றான் யுகேந்திரன். "யாரும் பேரு வைக்க வரல."

ரூபினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்கள் தூங்காத கண்களாக இருந்தன. "புது இனம்னு வாயால சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. பக்கத்துத் தீவுப் பல்லியோட வச்சு ஒப்பிட்டுக் காட்டணும். நான் ரெண்டு பல்லி பிடிச்சேன். பொட்டைப் பல்லி படகுலயே செத்துப்போச்சு, அது புட்டியில இருக்கு. ஆனா ஆண் பல்லிக்குத்தான் தொடைக்கு அடியில துளை வரிசை இருக்கும். அத எண்ணினாத்தான் வித்தியாசத்தை நிரூபிக்க முடியும். அதுக்குள்ள காணோம்."

"திரும்பிப் போய்ப் பிடிக்கலாமே?"

"மழைக்காலம் தொடங்கிருச்சு ஆன்ட்டி. மார்ச் வரைக்கும் அந்தப் பக்கம் படகு போகாது. நாளைக்குக் காலையில கோலாலம்பூர்லேர்ந்து நிபுணர் வர்றாங்க. அவங்க பாத்துச் சரின்னா என் கட்டுரை அச்சுக்குப் போயிரும். இல்லேன்னா மார்கஸ் முந்திக்குவான். சிங்கப்பூர் ஆளு. அவன் கூட்டமும் அதே தீவுக்குப் போய்ட்டு வந்துட்டாங்க. முதல்ல அச்சுல போடறவங்க வச்ச பேருதான் பேரு. அப்புறம் யாராலயும் மாத்த முடியாது."

"நீ என்ன பேரு வைக்கறதா இருந்தே?"

"அப்பா பேரு," என்றாள் ரூபினி. "தீபாவளிக்கு வந்த சொந்தக்காரங்க எல்லார் முன்னாலயும் சொன்னேன். அப்பா ஒரு வார்த்த பேசல. சந்தோஷம் தாங்காம எந்திரிச்சு உள்ள போயிட்டாரு."

கெர்ட்ரூட் பெட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். கொக்கி ஒழுங்காக மாட்டியிருந்தது. "பெட்டியோட இருந்தது வேற ஏதாச்சும் காணோமா?"

"தண்ணி நனைச்ச பஞ்சு காணோம். அப்புறம் அதுக்குத் தீனி போடற வெட்டுக்கிளி டப்பா."

"அலமாக்!" என்றான் யுகேந்திரன். "கல்யாணப் பொண்ணக் கடத்தினவன் சீர்வரிசையையும் சேத்து எடுத்துட்டுப் போயிருக்கான்."

"அதேதான்," என்றார் கெர்ட்ரூட். "மார்கஸ் மாதிரி படிச்சவன் எடுத்தா நேரா சாராயப் புட்டியில போட்டிருப்பான். புட்டியில கிடக்கிற பல்லிக்கு எதுக்குச் சாப்பாடு? அதை எடுத்தவனுக்கு அது உயிரோட இருக்கணும். கொல்ல மனசு வராதவன். இல்லே, பயந்தவன்." பிறகு ரூபினியிடம் திரும்பினார். "இது கத்துமா?"

ரூபினி கைப்பேசியை எடுத்து ஒலிப்பதிவைப் போட்டாள். டிங்... டிங்-டிங்.

"இது பல்லியா?" என்றான் யுகேந்திரன். "கிளாஸ்ல டே ஓ டீ கலக்கற சத்தமால்ல இருக்கு!"

"தீவுல ராத்திரியில பதிவு பண்ணினேன். நம்ம வீட்டுப் பல்லி மாதிரியே இருக்காது. தெரியாதவங்க கேட்டா பல்லின்னே சொல்ல மாட்டாங்க. ஆனா இங்க கொண்டுவந்ததுலேர்ந்து அது வாயே திறக்கல. யாருக்கும் போட்டும் காட்டல, கட்டுரை வந்தப்புறம் காட்டலாம்னு."

"அந்தச் சத்தத்த நம்ம யுகேனுக்கு அனுப்பி வைம்மா," என்றார் கெர்ட்ரூட்.

*

ஒரு டப்பா வெட்டுக்கிளி ஒரு பல்லிக்கு எத்தனை நாளைக்குக் காணும்? திருடன் கடைக்கு வந்துதான் ஆகவேண்டும். உலு திராமில் உயிருள்ள வெட்டுக்கிளி விற்கும் கடை ஒன்றே ஒன்று. அரோவானா மீன் வளர்க்கும் பணக்காரர்களுக்காக ஆ ஹுவாட் என்ற சீனர் நடத்துவது. கெர்ட்ரூட் வாயைத் திறப்பதற்குள் அவர் மலாயில் சொல்லித் தீர்த்துவிட்டார். பாவம், நேற்றிலிருந்து யாரிடமாவது சொல்லக் காத்திருந்தார் போலிருக்கிறது.

"இந்தியர் அங்கிள் ஒருத்தர் வந்தார் லா. ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. கண்ணாடியைக்கூட மேலே தூக்கவில்லை. கொள்ளையடிக்க வந்தவன் என்று நினைத்துக் கல்லாவை மூடிவிட்டேன். வெட்டுக்கிளி வேண்டும் என்றார்."

"அப்புறம்?"

"சுத்தமானதா என்று கேட்டார். கழுவிக் கொடுக்க முடியுமா என்றார்."

"வெட்டுக்கிளிய?"

"வெட்டுக்கிளியைத்தான். இத்தனை வருடத்தில் என் மீனே அப்படிக் கேட்டதில்லை."

வெளியில் வந்ததும் யுகேந்திரன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "கேஸ் முடிஞ்சிருச்சு மேடம். ஹெல்மெட் போட்டவன் மோட்டார் சைக்கிள்காரன். அந்த வீட்டு வாசல்ல சிவப்பு மோட்டார் ஒன்னு நின்னுச்சு, பாத்தீங்களா? பொண்ணோட தாய்மாமன் அய்யாவுவோடது. மெர்சிங்ல படகு வச்சிருக்காரு. மழைக்குப் படகைக் கட்டிப் போட்டுட்டு அக்கா வீட்டுக்காரர் வீட்டுல வந்து ஒக்காந்து சாப்பிடறாரு."

"இருக்கலாம்," என்றார் கெர்ட்ரூட். "ஆனா ஹெல்மெட்ட கடைக்குள்ள கழட்டாதவன் எப்பவும் ஹெல்மெட் போடறவனா, இல்ல என்னைக்கும் போடாதவனா?"

"புரியல."

"போட்டுப் பழகினவனுக்கு உள்ள வந்ததும் வேர்க்கும், கழட்டிருவான்."

யுகேந்திரன் யோசித்தான். யோசிப்பது அவனுக்கு ஒத்துவராத வேலை. வண்டியைக் கிளப்பினான்.

*

மாலைத் தேநீருக்குத் திருச்செல்வத்தின் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ரூபினியை மட்டும் கெர்ட்ரூட், அவள் ஆய்வுக் கட்டுரையின் பிரதியைத் தேடி எடுத்து வரச்சொல்லி மாடிக்கு அனுப்பியிருந்தார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தால் நீ சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்தச் சத்தத்தைப் போட வேண்டும் என்று யுகேந்திரனுக்கு உத்தரவு. எதற்கு என்று அவன் கேட்டான். உனக்குத் தெரிந்தால் முகத்தில் எழுதி ஒட்டிவிடுவாய் என்று பதில் வந்தது.

அய்யாவு தொப்பையும் சிரிப்புமாகச் சோபாவில் பாதியைப் பிடித்திருந்தார். "அந்த மார்கஸ் தம்பி மேல வீணா சந்தேகப்படாதீங்க மேடம். என் படகுலதான் போச்சு. தங்கமான புள்ள. உங்க உதவிய மறக்கவே மாட்டேன் அங்கிள், பேரு வைக்கறப்ப பாருங்கன்னுச்சு. என்ன அத்தான், நான் சொல்றது?"

"பேசாம டீயக் குடி அய்யாவு," என்றார் திருச்செல்வம், அவர் பக்கம் திரும்பாமலே.

"நம்ம அத்தானுக்குக் கோவம்! பல்லி போன கவல. இனிமே அத்தான் சுவத்துல ஏறலாம்னு இருந்தாரு."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார் அய்யாவு. மைத்துனன் கேலி செய்வது முறைதான். ஆனால் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. வெளியாள் முன்னால் வீட்டுப் பெரியவரைச் சுவரில் ஏற்றுவது அந்த எல்லைக்கு அப்பால் உள்ளது. திருச்செல்வத்தின் கழுத்து சிவந்தது.

கெர்ட்ரூட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஐயா, உங்க குடும்பம் ரப்பர் தோட்டத்துலேர்ந்து வந்ததா?"

"பண்டார் தெங்காரா பக்கம். எங்கப்பா தோட்டத்து ஆபீஸ்ல கிராணி. அவரு பேரைக் கேட்டாலே சைக்கிள்ல போறவன் இறங்கி..."

டிங்... டிங்-டிங்.

அய்யாவு சட்டென்று தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். செய்தி ஒன்றும் வராததில் அவருக்கு ஏமாற்றம்.

"...இறங்கி நடப்பான். அந்தக் காலத்து மரியாதை அப்படி," என்று முடித்தார் திருச்செல்வம். பேச்சில் ஒரு தடங்கலும் இல்லை. அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் நாற்காலிக் கையில் டொக், டொக், டொக் என்று மூன்று முறை தட்டிவிட்டு அடங்கியது.

கெர்ட்ரூட் மூக்குக்கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அய்யாவு அண்ணே, நீங்க போய்ட்டு வாங்க. உங்க மேல எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்ல."

யுகேந்திரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் கிடைத்த திருடனை வாசல்வரை வழியனுப்பியும் வைத்துவிட்டார்! மோட்டார் சத்தம் தெருமுனையில் மறைந்தது.

"அப்ப அந்த மார்கஸ்தான்னு சொல்றீங்க?" என்றார் திருச்செல்வம்.

"ஐயா, பல்லி சொன்னா எங்கம்மாகூட விரலால தட்டுவாங்க. நாங்க வேதக்கோயில் குடும்பம். இருந்தாலும் பல்லிக்கு மதம் தெரியுமா? நீங்களும் தட்டுவீங்க போல."

"சின்ன வயசுப் பழக்கம். அதுல என்ன?"

"ஒன்னுமில்ல. இப்ப எதுக்குத் தட்டுனீங்க?"

"பல்லி கத்துச்சு, தட்டினேன்."

"யுகேன், அது என்ன சத்தம்?"

"சத்தியமா சொன்னா டே ஓ கலக்கற சத்தம் மேடம்."

"அய்யாவு அண்ணே அதைக் கேட்டு மெசேஜுன்னு நினைச்சாரு. இந்த யுகேன் டீ கலக்கறதுன்னு நினைக்கறான். இந்த வீட்டுல ரூபினியத் தவிர அதை யாரும் கேட்டது இல்ல." கெர்ட்ரூட்டின் குரல் இன்னும் தணிந்தது. "அது பல்லின்னு உங்களுக்கு யாருய்யா சொன்னா?"

சுங்க இலாகாவில் எத்தனையோ கடத்தல்காரர்களை இதே மாதிரி ஒரு கேள்வியில் மடக்கியவர் திருச்செல்வம். மடங்குவது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் முதுகு சாயவில்லை.

"சாமி அறையில," என்றார். "மேல்தட்டுல, முறுக்கு டின்னுல."

யுகேந்திரன் போய்ப் பார்த்தான். மூடியில் வட்டக் கண்ணாடி வைத்த பழைய டின். சுற்றிலும் ஆணியால் காற்றுத் துளை. உள்ளே பஞ்சு, வெட்டுக்கிளி, ஒரு சின்ன மரக்குச்சி. அதன் மேல் மஞ்சள் வால் கொண்ட பல்லி, வீட்டுக்காரரைப்போலவே விறைப்பாக உட்கார்ந்து அவனைப் பார்த்தது.

"ஹெல்மெட் போட்டுக்கிட்டு எதுல போனீங்கய்யா?" என்று திரும்பி வந்து கேட்டான்.

"கார்லதான். நான் மோட்டார்ல ஏறுற ஆளா?"

"ஏன்யா இப்படி?" என்றார் கெர்ட்ரூட்.

"ஏனா?" என்றார் பெரியவர். "பொண்ணு பெருமைன்னு நினைச்சுச் சொல்லுது. அன்னைக்கு ராத்திரியே இந்த அய்யாவு ஊரெல்லாம் பரப்பிட்டான். பாசார்ல மீன்காரன் என்னைப் பாத்து ச்சு ச்சுன்னு சத்தம் குடுக்கறான். எங்கப்பா கட்டிக் காப்பாத்தின பேரு. அது போய்ப் பல்லிக்கா? பொண்ணுகிட்ட வேணாம்னு சொன்னா மனசு ஒடஞ்சு போயிரும். அதான் அந்த நிபுணரு வந்துட்டுப் போற வரைக்கும்..."

"கடத்தி வச்சீங்க."

"என் வீட்டுல உள்ளதை என் வீட்டுக்குள்ளயே இடம் மாத்தி வச்சேன்."

"வெளிய விட்டிருக்கலாமே? கொன்னிருக்கலாமே?"

"பல்லியக் கொன்ன பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாது. அதோட..." அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல பல்லி மேடம். நேத்து சாமி கும்பிடறப்ப, இந்த அய்யாவு ஒரு அயோக்கியன்னு வாய்விட்டுச் சொன்னேன். அதுவரைக்கும் கம்முனு இருந்தது, உடனே டிங்குன்னு ஆமோதிச்சுது. இந்த வீட்டுல என் பேச்சுக்கு ஆமாம் போடற ஒரே ஜீவன்."

கெர்ட்ரூட் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"எம் பொண்ணுக்கு இது தெரிய வேணாம்," என்றார் திருச்செல்வம். அதுவரை கேட்டிராத ஒரு குரல் அது. "தானா திரும்பி வந்துருச்சுன்னு சொல்லிருங்க. தகப்பன் திருடன்னு அது நினைச்சிட்டா அப்புறம் நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு..."

டிங்... டிங்-டிங்.

"மேடம், சத்தியமா நான் அமுக்கல!" என்று யுகேந்திரன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

சத்தம் சாமி அறையிலிருந்து வந்தது. திருச்செல்வத்தின் விரல் தன்பாட்டுக்கு எழுந்து நாற்காலிக் கையைத் தட்டியது. மாடிப்படியில் தடதடவென்று காலடி கேட்டது. அந்தச் சத்தம் எதனுடையது என்று அந்த வீட்டில் இன்னொருத்திக்கும் தெரியுமே!

ரூபினி நேராகச் சாமி அறைக்குள் போனாள். டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உங்களுக்குப் பெருமையா இருக்கும்னு நினைச்சேம்பா," என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். அந்த மனிதர் தரையைப் பார்த்து அந்த வீடு கண்டதில்லை.

"பரவால்ல. உங்க பேரு வேணாம். தீவு பேரையே வச்சிடறேன்." குரல் உடையாமல் சொல்லி முடித்ததும் அவள் மாடிப் பக்கம் திரும்பினாள்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் கெர்ட்ரூட். "நீ எந்தப் பேரு வச்சாலும் சரி, நாளைக்கே முந்திக்க. மார்கஸ் என்ன பேரு வைக்கப் போறான்னு உங்க மாமன் இப்பத்தான் ஒளறிட்டுப் போனாரு. படகு குடுத்தவர மறக்க மாட்டானாம்."

திருச்செல்வம் தலையை நிமிர்த்தினார். "யாரு பேரு?"

"படகு யாரோடதுய்யா?"

திருச்செல்வம் வாசல் பக்கம் திரும்பினார், அய்யாவுவின் மோட்டார் போன திசையில்.

"அய்யாவு பேரா?" என்றார் திருச்செல்வம். "என்னை ஊரெல்லாம் கேலி பண்ணி வேணாம்னு சொல்ல வச்சிட்டு, அவன் பேரா? உலகம் உள்ள மட்டும்?"

"யாராலயும் மாத்த முடியாதுன்னு ரூபினி சொல்லுச்சு."

அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மகளுக்கு எதிரில் போய் நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்தக் குடும்பத்து ஆண்களின் வாயில் எளிதாக வராது. வந்தது.

"தப்புதான்மா. அப்பாவ மன்னிச்சிரு." தொண்டையைச் செருமினார். "அந்த வாயில்லா ஜீவனுக்கு என் பேரையே வை. ஆனா இனிஷியலோட வை."

"லத்தீன் பேருலே இனிஷியல் கிடையாதுப்பா."

"அப்பன் பேரு கேக்காம என்ன பாஷை அது?"

ரூபினி உதட்டைக் கடித்துக்கொண்டு, உருப்பெருக்கியை எடுத்துவந்து விளக்கை இழுத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். டின்னுக்குள் கைவிட்டாள். பல்லி அவள் விரலைக் கவ்வியது. யுகேந்திரன் முயன்றான், அவனையும் கவ்வியது. திருச்செல்வம் கையை நீட்டினார். அவர் உள்ளங்கையில் அது சாதுவாக ஏறிப் படுத்தது. அவர் இரண்டு விரலால் அதைப் பக்குவமாக மல்லாத்திப் பிடித்தார்.

"அசையாம பிடிங்கப்பா."

"நான் என்னைக்கு அசைஞ்சிருக்கேன்?"

அவள் குனிந்து ஊசி முனையால் ஒவ்வொரு துளையாகக் காட்டி எண்ணினாள். சந்தேகம் வந்து திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். பக்கத்துத் தீவுப் பல்லியின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கெர்ட்ரூட் கைப்பைக்குள் ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டார். யுகேந்திரன்கூட வாயை மூடிக்கொண்டு நின்றான்.

ரூபினி நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வேற இனம்தாம்பா. அதுக்குப் பத்துக்கு மேல, இதுக்குப் பாதிகூட இல்ல. சந்தேகமே இல்ல."

திருச்செல்வம் உள்ளங்கையைத் திருப்பிப் பல்லியை எழுப்பி உட்கார வைத்தார்.

"எண்ணித்தான் தெரியணுமாக்கும்," என்றார். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நல்ல குடும்பத்துப் பிள்ளைன்னு."